காருகுறிச்சியார் மேளம்

தூத்துக்குடியில் நான் சிறுவனாக இருந்த நாளில், கல்யாண வீட்டை முதலில் காட்டிக் கொடுப்பது வாசலில் கட்டிய வாழைமரம் அன்று. வேப்பமரக் கிளையிலோ பனங்கம்பத்திலோ கட்டிய ஒலிபெருக்கிக் குழாயே. விடியற்காலை நான்கு மணிக்கு உப்பளத்துக்குப் போகும் வண்டிகள் தெருவைக் கடக்கும் வேளையில் அந்தக் குழாய் ஒருமுறை கரகரத்து, பின் தொண்டையைச் சரிசெய்துகொண்டாற்போல் ஒரு பக்திப் பாடலைத் தொடங்கும். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருவது பெரும்பாலும் ஒரே இசைத்தட்டுத்தான். ஒரு பெண் குரல் முருகனை அழைக்கும். அக்குரலைத் தொட்டுக்கொண்டு ஒரு நாகசுரம் எழும். குரல் எங்கே முடிந்தது, குழல் எங்கே தொடங்கியது என்று சிறு பிள்ளைகளாகிய நாங்கள் பந்தயம் கட்டிக் கேட்போம். 'கொஞ்சும் சலங்கை' என்ற திரைப்படத்தில் வந்த ஆபேரி இராகப் பாட்டு அது. குரல் எஸ். ஜானகியுடையது, நாகசுரம் காருகுறிச்சி அருணாசலத்தினுடையது.

அப்படிப்பட்ட ஒரு விடியலில் நான் கண்ட காட்சி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கண்ணைவிட்டு அகலவில்லை. எங்கள் தெருக் கல்யாணத்துக்கு வந்திருந்த உள்ளூர் மேளகாரர்கள் திண்ணையில் வாத்தியங்களை உறையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, வாசிக்கத் தொடங்காமல் அமர்ந்திருந்தனர். வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, "என்ன அண்ணாச்சி, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். தவிற்காரர் ஒலிபெருக்கியை நோக்கிக் கையைக் காட்டி, "அவர் வாசிச்சுக்கிட்டிருக்கார், ஐயா. முடிக்கட்டும். அதுக்கு மேலே நாங்க ஊதினா மரியாதை இல்லே" என்றார். இசைத்தட்டு முடிந்தது. ஒலிபெருக்கிக்காரர் அடுத்த தட்டை எடுப்பதற்குள் அவர்கள் அவசரமாகத் தொடங்கினார்கள். வாசித்தவரோ அப்போது உயிரோடு இல்லை. இறந்துபோன ஒருவர் வாசித்து முடிக்கும்வரை, கூலிக்கு வந்த உயிருள்ளவர்கள் காத்திருந்தார்கள்.

இந்தப் பேச்சில் நான் சொல்ல வந்தது காருகுறிச்சியாரின் புகழ் மட்டும் அன்று. அவரைப் போன்ற ஒரு கலைஞர் எவ்வாறு உருவானார், அவரைச் சுமந்து நின்ற மேளம் என்ற அமைப்பு எவ்வாறு இயங்கியது, அவரை ஊர்தோறும் கொண்டுசென்ற அதே ஒலிபெருக்கி அந்த அமைப்பை என்ன செய்தது என்பதைக் கூறுவதே என் நோக்கம். கரிசற்காட்டில் குடியேறிய அவர் எங்கள் மாவட்டத்தாரே என்று உரிமை கொண்டாட எங்களுக்கு ஓரளவு இடமுண்டு. அதனையும் பின்னர்ச் சொல்வேன்.

மேளம் என்ற சொல்லைப் பலரும் தவில் ஒன்றையே குறிப்பதாக எண்ணிவிடுகின்றனர். பழைய வழக்கில் அது ஒரு குழுவின் பெயர். நாட்டியத்துக்குரிய குழு சின்ன மேளம் எனப்பட்டது. நாகசுரக் குழு பெரிய மேளம் எனப்பட்டது. கோயில் நாட்டிய மரபு குலைந்து, 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தபின் சின்ன மேளம் என்ற பெயரே மக்கள் நினைவிலிருந்து நழுவியது. கரகத்துக்கும் காவடிக்கும் வாசிக்கும் நையாண்டி மேளம் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. அதிலும் நாகசுரமும் தவிலும்தான் தலைமை. பம்பையும் உறுமியும் உடன் சேரும். ஆடுவோர் காலை எழுப்புவதே அதன் வேலை. பெரிய மேளத்தின் வேலை வேறு. சாமியையோ மாப்பிள்ளையையோ மெல்ல நடத்திக்கொண்டு செல்ல வேண்டும். கூட்டத்தை நிறுத்தியும் வைக்க வேண்டும்.

பெரிய மேளத்தின் முழு அமைப்பில் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒத்து ஒன்று, தாளம் ஒன்று ஆக ஆறுபேர் இருப்பர். ஒத்து என்பது பார்வைக்கு நாகசுரம் போன்றதே. ஆனால் அதில் பாட்டு வராது. ஆதார சுருதியை மட்டும் இடைவிடாமல் ஊதிக்கொண்டிருப்பவர் ஒத்துக்காரர். அவரைப் பற்றி யாரும் புகழ்ந்து பேசக் கேட்டதில்லை. தாளம் போடுபவர் பெரும்பாலும் சிறு பையன்; குழுத் தலைவரின் மகனாகவோ மருமகனாகவோ இருப்பான். அவனுக்கு அதுவே பள்ளிக்கூடம். தாளத்தில் தொடங்கி, ஒத்துக்கு உயர்ந்து, பின்பு இரண்டாம் நாகசுரமாகி, கடைசியில் தனி மேளம் வைப்பது என்பது ஒரு படிவரிசை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முறைகளில் இதைவிடச் செம்மையான ஒன்றை நான் கண்டதில்லை.

இரண்டாம் நாகசுரம் என்றால் இரண்டாந்தரம் என்று பொருளன்று. கிருதிகளை இருவரும் சேர்ந்தே வாசிப்பர். இராக ஆலாபனையில் தலைவர் ஒரு பிடியை வாசித்து மூச்சுவாங்கும் இடத்தில், இரண்டாமவர் அந்த இழை அறுந்துபோகாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்; எடுத்ததைத் தம் புலமையைக் காட்டப் பயன்படுத்தாமல், தலைவர் விட்ட இடத்திலேயே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். தலைவர் அடுத்து எங்கே செல்லப் போகிறார் என்று அறிந்தவனுக்கே இது கைகூடும். ஆண்டுக்கணக்கில் ஒருவருக்கு இரண்டாம் நாகசுரம் வாசித்தவன் அவருடைய மனம் செல்லும் வழியையே கற்றுக்கொள்கிறான்.

காருகுறிச்சி என்பது தாமிரவருணிக் கரை நாட்டில், பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடைக்கு அண்மையில் உள்ள சிற்றூர். அருணாசலம் அங்கே 1921இல் பிறந்தார். நாகசுரத்தின் தாயகம் என்று அந்நாளில் எல்லோரும் கருதியது தஞ்சை நாட்டையே. காவிரிக் கரைக் கோயில்களும் மடங்களும் மேளத்துக்குச் சோறிட்டு வளர்த்தன. வாத்தியமே அங்கேதான் பிறக்கிறது. ஆச்சா மரத்தைக் கடைந்து நரசிங்கம்பேட்டையில் செய்கிறார்கள்; அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளியும் காவிரிக் கரை நாணலிலிருந்தே வருகிறது. தெற்கேயிருந்து ஒருவன் நாகசுரத்தில் பெயரெடுக்க வேண்டுமாயின் தஞ்சாவூர்ப் பாணியைக் கைப்பற்றியாக வேண்டும். நெல்லைச் சீமையில் தொடக்கப் பயிற்சி பெற்ற அருணாசலம் அதனைக் கைப்பற்றியது திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையிடம்.

இராஜரத்தினம் பிள்ளையைப் பற்றித் தனியே ஒரு பேச்சு நிகழ்த்தலாம். 1898இல் பிறந்து 1956இல் மறைந்த அவர், மேளகாரரின் நிலையை ஒரு தலைமுறைக்குள் மாற்றிக் காட்டியவர். அதற்கு முன் மேளகாரர் என்றால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வீட்டுக்காரர் கைகாட்டும் இடத்தில் நின்று ஊதுபவர். இவரோ மேடையில் அமர்ந்துதான் வாசிப்பேன் என்றார். கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டு அணிந்தார், ஒத்துக்குப் பதில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டார். 1940இல் 'காளமேகம்' என்ற திரைப்படத்தில் கதாநாயகராகவே நடித்தார். 1947இல் நாடு விடுதலை பெற்ற வேளையில் மங்கல இசையாக முழங்கியது அவருடைய நாகசுரமே. அவருடைய தோடியைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்ல வேண்டா; நேயர்களே இசைத்தட்டில் கேட்டிருப்பீர்கள்.

அவர் செய்த மாறுதல்களுள் என் பொருளுக்கு மிகவும் வேண்டியது ஒன்று. பழைய நாகசுரம் திமிரி எனப்படும். குட்டையானது, சுருதி உச்சமானது, நான்கு, ஐந்து கட்டையில் கீச்சென்று எழும்பும். பல தெருக்களுக்கு அப்பால் இருப்பவரையும் கோயிலுக்கு அழைக்க வேண்டியிருந்த காலத்து வாத்தியம் அது. இராஜரத்தினம் பிள்ளை பரப்பியது பாரி நாகசுரம். நீளமானது, இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஆழ்ந்து ஒலிப்பது. அதில் கமகங்கள் கனிந்து வரும். பாடகர் ஒருவர் அருகில் அமர்ந்து பாடுவது போன்ற நிறைவு உண்டு. ஆனால் திமிரியின் எட்டும் தன்மை அதற்கு இல்லை. திறந்த வெளியில் ஆயிரம் பேருக்கு அது எட்டக் காரணமாயிருந்தது ஒலிபெருக்கி. ஒலிபெருக்கியை மேளத்தின் பகைவன் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாதென்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பாரி நாகசுரத்தின் பெருவாழ்வுக்கு அது துணை நின்றது.

இத்தகைய பெரியவருக்கு இரண்டாம் நாகசுரமாக அமர்ந்து அருணாசலம் பயின்றார். குருவின் இராகப் போக்கை அவர் அப்படியே ஏந்திக்கொண்டார் என்பர் கேட்டவர்கள். அவருடைய கோபத்தை மட்டும் ஏந்திக்கொள்ளவில்லை என்பதும் அவர்கள் கூற்றே. பணிவாகப் பேசுபவர், எளிதில் பழகுபவர் என்றே தென்னாட்டார் அவரை நினைவுகூர்கின்றனர்.

தனி மேளம் வைத்தபின் அவர் தஞ்சையில் தங்கிவிடவில்லை. பிறந்த ஊரோடும் நின்றுவிடவில்லை. கோவில்பட்டியை வாழ்விடமாகக் கொண்டார். அந்நாளில் அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986இல் மாவட்டம் பிரிந்தபோது எங்கள் பக்கம் வந்தது. மேளம் வைத்திருப்பவருக்கு அந்த ஊர் நல்ல தேர்வு. சென்னை, மதுரை, திருநெல்வேலி இரயில்பாதை அவ்வழியே செல்கிறது. சாலைகள் நாற்புறமும் பிரிகின்றன. இன்று மதுரையில் முகூர்த்தம், நாளை திருச்செந்தூர்ப் பக்கம், மறுநாள் நாகர்கோவில் என்றால், ஆறு ஆட்களையும் அத்தனை வாத்தியங்களையும் ஏற்றிக்கொண்டு செல்ல இதைவிட வசதியான இடம் ஏது?

வசதி மட்டுமே காரணம் என்றும் நான் கருதவில்லை. கரிசற்காடு மழைக்கு ஏங்கும் பூமி. பருத்தியும் கம்பும் விளையும் மண். ஆயினும் இசைக்கு வறண்ட பூமி அன்று. பக்கத்து எட்டயபுரத்தில்தான் முத்துசாமி தீட்சிதர் 1835இல் உயிர்நீத்தார். அங்கிருந்தேதான் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சேறியது. விளாத்திகுளத்தில் நல்லப்ப சுவாமிகள் இருந்தார். பாட்டின் சொல்லைவிட இராகத்தையே உயிராகக் கொண்டு, ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிய பெரியவர் அவர். காருகுறிச்சியார் அவர்பால் பெருமதிப்பு உடையவர். இடைசெவலில் பிறந்த எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இசைப் பித்தர்கள். கி. ரா. அவர்கள் நாகசுரக்காரரின் நட்பைப் பெற்றவர். சம்சாரிகளும் பள்ளிக்கூட வாத்தியார்களும் கடைக்காரர்களுமே அங்கே இரவு முழுதும் தெருவில் நின்று கேட்டார்கள். தோடிக்கும் காம்போதிக்கும் பெயர் தெரியாதவர் அவர்களில் பலர். பிடி தவறினால் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

ஓர் இரவு மேளம் எப்படி நடக்கும் என்பதை இக்காலத்து இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கோயில் திருவிழாவில் சாமி புறப்படும்போது மல்லாரி. அதற்குச் சாகித்தியம் கிடையாது. கம்பீர நாட்டையில் அமைந்த சுரக் கோவைதான். பல்லக்குத் தூக்குவோரின் நடையும் தவிலின் நடையும் அதில் ஒன்றாகும். சந்தி திரும்பியதும் சாமி நிற்கும், இராகம் தொடங்கும். அடுத்த சந்திவரை ஓர் இராகமே ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் செல்லலாம். கச்சேரி மேடையில் பாடகருக்குக் கிடைக்காத அவகாசம் இது. அவசரப்பட யாருக்கும் காரணமில்லை; சாமிக்கும் அவசரமில்லை. நான்கு தெருவும் சுற்றி, விடியலில் பூபாளம் கேட்டபின்தான் கோயிலுக்குள் நுழைவார்கள். காருகுறிச்சியாரின் விரிந்த இராகக் கற்பனை இந்தத் தெருக்களில் முதிர்ந்தது. அரை மணி ஒலிபரப்பிலோ மூன்று நிமிட இசைத்தட்டிலோ அது முதிர்ந்திருக்க முடியாது.

மூச்சைப் பற்றி ஒரு சொல். எங்கள் கடற்கரையில் முத்துக்குளிப்போர் ஒரு நிமிடத்துக்கு மேலும் மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி அள்ளுவார்கள். 1961ஆம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அவர்களுடைய திறமை மூச்சை அடக்குவதில். நாகசுரக்காரரின் திறமை மூச்சைச் செலவிடுவதில். விரல் துளை ஏழு. அவற்றை மூடித் திறப்பதால் மட்டும் இராகம் வந்துவிடாது. உதடு சீவாளியை எவ்வளவு அழுத்துகிறது, மூச்சு எவ்வளவு உந்துகிறது என்பதைக் கொண்டே ஒரு துளைக்குள் பல நுண்சுரங்கள் பிறக்கின்றன. முழு மூச்சும் வேண்டும். அதே சமயம் இறகு தொடுவது போன்ற மென்மையும் வேண்டும். எட்டு மணி நேரம் இதைச் செய்துவிட்டு, மறுநாள் முகூர்த்தத்துக்கு இரவோடு இரவாகப் பயணமும் செய்தார்கள்.

கடல் கடந்தும் இந்த மேளங்களுக்கு அழைப்பு உண்டு. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்கள் தமிழ்நாட்டு நாகசுரத்துக்குப் பெரும் ஆதரவாக இருந்தன. அங்கேயே பிறந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி தவிலில் இணையற்றவராகித் தமிழ்நாடு வந்து காருகுறிச்சியார் முதலிய பெருவித்துவான்களுக்கு வாசித்தார். தவில் பலாமரக் கட்டையில் குடைந்தது. வலந்தலையில் விரல்களுக்குக் கூடு மாட்டி அடிப்பர். இடது பக்கத்தைக் கோலால் முழக்குவர். பெரிய தவில் வித்துவானைத் தனியே அமர்த்தினால் திருவிழா நோட்டீசில் 'ஸ்பெஷல் தவில்' என்று அச்சிடுவார்கள். அந்த நோட்டீசைக் கண்டே வண்டி கட்டிக்கொண்டு வருவோர் இருந்தனர்.

இவ்வளவு பெருவாழ்வும் நின்றது முகூர்த்தத்தின் மீது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தை, வைகாசி, ஆவணி என்று சில மாதங்களில் ஈட்டியதைக் கொண்டே ஆண்டு முழுதும் ஆறு குடும்பங்கள் உண்ண வேண்டும். தலைவர் அச்சாரம் வாங்குவார். கூட வருவோருக்குப் பங்கு கொடுப்பார். அவர் நோயில் படுத்தால் ஒத்துக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. புகழ் ஒருவர் பெயரில் இருந்தாலும் பிழைப்பு ஆறுபேருடையது.

1962ஆம் ஆண்டுப் பொங்கலுக்குக் 'கொஞ்சும் சலங்கை' வெளிவந்தது. எம். வி. ராமன் இயக்கியது, இசை எஸ். எம். சுப்பையா நாயுடு. ஆபேரிப் பாட்டை எழுதியவர் கு. மா. பாலசுப்பிரமணியம். ஜெமினி கணேசன் திரையில் நாகசுரம் ஏந்துகிறார், சாவித்திரி பாடுகிறார். உண்மையில் ஒலிப்பது காருகுறிச்சியாரும் ஜானகியும். குரு திரையில் முகம் காட்டி நடித்தார். சீடர் முகம் காட்டாமலேயே குருவைவிட அதிகமான வீடுகளுக்குச் சென்றுவிட்டார். பாரி நாகசுரம் மனிதக் குரலுக்கு எவ்வளவு அணுக்கமானது என்று இலக்கணம் சொல்லி விளக்கியிருந்தால் யாருக்கு விளங்கியிருக்கும்? அந்தப் பாட்டில் ஜானகி சுரத்தால் வினவ, குழல் விடையளிக்கும்போது, இசை அறியாதவனுக்கும் அது விளங்கிவிட்டது. இலங்கை வானொலியைத் தெளிவாகக் கேட்கும் எங்கள் கடற்கரைக்கு அந்தப் பாட்டு கடலுக்கு அப்பாலிருந்தும் வந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1964 ஏப்ரலில், காருகுறிச்சியார் மறைந்தார். வயது நாற்பத்து மூன்றைத் தாண்டவில்லை. அவர் ஊருக்கு அருகே திருநெல்வேலியில் வானொலி நிலையம் தொடங்கி அப்போது நான்கே மாதங்கள் ஆகியிருந்தன. 1963 டிசம்பர் முதல் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் தென்கோடிக் கலைஞர்கள் திருச்சிக்கோ சென்னைக்கோ சென்றே ஒலிபரப்பினர். சொந்தச் சீமையின் வானொலி வந்த வேளையில் அவர் போய்விட்டார் என்பது எனக்கு எப்போதும் மனக்குறையே. கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படம் வந்து, மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம் நாடெங்கும் கேட்டபோது, நாகசுரத்துக்குப் பொற்காலம் பிறந்துவிட்டதென்று பத்திரிகை படிப்போர் எண்ணியிருக்கக்கூடும். தெருவில் நடந்தது வேறு.

கல்யாண வீட்டார் கணக்குப் போட்டார்கள். ஆறுபேர் மேளத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒலிபெருக்கிக்காரரை இரண்டு நாள் அமர்த்தலாம். அவர் கொண்டுவரும் பெட்டிக்குள் காருகுறிச்சியாரே இருக்கிறார், உள்ளூர்க்காரர் எதற்கு? தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் இரண்டுபேர் வந்து கெட்டிமேளம் கொட்டினால் போதும். இப்படித்தான் மேளம் குறைந்தது. முதலில் ஒத்துக்காரர் போனார், சுருதிப்பெட்டி வந்துவிட்டதே. பிறகு இரண்டாம் நாகசுரம் போயிற்று. இரண்டாம் நாகசுரம் போனபோது பள்ளிக்கூடமே போயிற்று என்பதை நாங்கள் யாரும் அப்போது உணரவில்லை. காருகுறிச்சியார் எந்த இருக்கையில் அமர்ந்து கற்றாரோ அந்த இருக்கையே எடுக்கப்பட்டுவிட்டது.

உணராதவர்களில் நானும் ஒருவன் என்பதற்குச் சான்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். என் வகுப்பில் ஒரு மேளகாரரின் மகன் படித்தான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே தை, வைகாசி, ஆவணி மாதங்களில் வராத குறிகள் வரிசையாக நிற்கும். கடிந்தும் பார்த்தேன், வெளியே நிற்கவும் வைத்தேன். தந்தையை அழைத்துவரச் சொன்னேன். அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று, "ஐயா, தாளம் போடப் பிள்ளை இல்லேன்னா செட்டு சேராது. முகூர்த்த நாளுக்கு மட்டும் மன்னிச்சுக்கிடணும்" என்றார். படிப்பின் அருமையைப் பற்றி நான் அவருக்குக் கால்மணி நேரம் எடுத்துரைத்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. பையன் ஒருநாளும் தவறாமல் வரத் தொடங்கினான். பதிவேட்டைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வகுப்பில் அவனை எழுந்து நிற்கச் செய்து, முயன்றால் திருந்தலாம் என்பதற்கு இவன் எடுத்துக்காட்டு என்று பாராட்டினேன். அவன் தலைகுனிந்து நின்றான். கூச்சம் என்று நினைத்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு கல்யாணத்தில் அவன் தந்தையைக் கண்டேன். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் ஒலிநாடா நாகசுரம் வாசித்துக்கொண்டிருந்தது. பையன் ஏன் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்று கோயில் பலவற்றில் மின்சாரத்தால் இயங்கும் முரசும் மணியும் பூசை வேளையில் தாமே முழங்குகின்றன. மண்டப வாசலில் கேரளத்துச் செண்டை மேளம் வந்து நிற்கிறது. அதுவும் நல்ல கலையே. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. மலையாளத்துக் கோயில்கள் அதைக் கைவிடாமையால் அது இங்கேயும் வந்து விற்பனையாகிறது. அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கிறார்கள். எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் சேரலாம். முன்னாளில் இல்லாத நன்மை இது. ஆனால் கற்று வெளிவரும் பிள்ளைக்கு நான்கு தெருவும் ஓர் இரவும் யார் கொடுப்பது? சாமி புறப்பாடே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குச் சென்றிருந்தேன். மணவறை அருகே இரண்டுபேர் மட்டும் அமர்ந்திருந்தனர். ஒரு நாகசுரம், ஒரு தவில். சுருதி கைப்பேசியிலிருந்து வந்தது. நாகசுரக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். என் பழைய மாணவன்தான். வாரநாட்களில் துறைமுகத்துக்கு வரும் சரக்கு லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. முகூர்த்தம் ஞாயிறன்று அமைந்தால் வாத்தியத்தை எடுப்பதாகச் சொன்னான். தந்தை இருந்தவரை வீட்டில் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். "இப்போ லீவு போட்டா அங்கே சம்பளம் பிடிப்பாங்க ஐயா. நீங்க வெளியேதான் நிக்க வைச்சீங்க" என்று சிரித்தான். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

கெட்டிமேளம் முடிந்து தாலி ஏறியது. கூட்டம் பந்திக்கும் புகைப்படத்துக்குமாகப் பிரிந்தது. இனித் திரைப்பாட்டுப் போடுவதற்காக ஒலிபெருக்கிக்காரப் பையன் விசைப்பலகையின் முன் ஆயத்தமாக நின்றான். என் மாணவன் சீவாளியை ஒருமுறை நாவில் நனைத்துக்கொண்டு ஆபேரியைத் தொடங்கினான். அந்தப் பாட்டை வாசிக்கவில்லை. இராகத்தை மட்டும் வாசித்தான். பாடகியின் குரலுக்கு உரிய இடத்தில் மூச்சை நிறுத்தி, தவிற்காரரை ஒருமுறை பார்த்துவிட்டு, மீண்டும் எடுத்தான். ஐந்தாறு நிமிடம் இருக்கும். முன்வரிசையில் இரண்டு முதியவர்கள் பந்திக்கு எழாமல் அமர்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரப் பையன் விசையில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை; அவன் வாசித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.